தேதி போட்ட சட்டம்: நீட்டிப்பதா, சாகவிடுவதா, மாற்றி எழுதுவதா?

2004 செப்டம்பர் 13, திங்கட்கிழமை. அமெரிக்காவில் பத்து ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ஒரு துப்பாக்கிச் சட்டம் அன்றோடு முடிந்தது. அதை ரத்து செய்ய யாரும் மசோதா கொண்டுவரவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. சட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்த தேதி வந்துவிட்டது, அவ்வளவுதான். இத்தனைக்கும் ஆறு மாதம் முன்புதான் அதை நீட்டிக்க செனட்டில் பெரும்பான்மை கிடைத்திருந்தது. நீட்டிப்பு மசோதா மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவேன் என்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் சொல்லியிருந்தார். கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பாலோர் சட்டம் தொடரட்டும் என்றே சொன்னார்கள். ஆனாலும் போய்விட்டது.

அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன் எத்தனை வழிகள் இருந்தன, எதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருபது ஆண்டுகள் கழித்தும் இந்தக் கேள்விக்கு உயிர் இருக்கிறது. ஏனென்றால் அதே சட்டத்தைத்தான் இன்று பல மாநிலங்கள் தங்கள் தங்கள் பாணியில் திரும்ப எழுதிக்கொண்டிருக்கின்றன.

முதலில் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்துவிடலாம். பேச்சுவழக்கில் 'அசால்ட் வெப்பன் தடை' என்பார்கள். பெயரைக் கேட்டால் இயந்திரத் துப்பாக்கி நினைவுக்கு வரும்; அது வேறு. விசையை அழுத்திப் பிடித்தால் குண்டு மழை பொழியும் துப்பாக்கிக்கு அங்கே 1934 முதலே கெடுபிடி உண்டு; 1986-க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. 1994 சட்டம் தொட்டது செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளை. ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு; அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். இவற்றில் 19 மாடல்களைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். மற்றவற்றுக்கு ஒரு பரிசோதனை வைத்தார்கள். கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ள ரைஃபிளில் மடக்கும் கட்டை, பிஸ்டல் பிடி, துப்பாக்கி ஈட்டி மாட்டும் கொக்கி, சுடும்போது வரும் ஒளியை மறைக்கும் குழாய், கையெறிகுண்டு ஏவும் அமைப்பு ஆகியவற்றில் இரண்டு இருந்தால் தடை. ஒன்று மட்டும் இருந்தால் கடையில் வாங்கலாம். அப்புறம் மூன்றாவது பகுதி: 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களைப் புதிதாகத் தயாரித்து விற்கக் கூடாது.

இதில் இரண்டு பெரிய விலக்குகள். சட்டம் வருவதற்கு முன்பே தயாரான துப்பாக்கியும் மேகசினும் யாரிடம் இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வாங்கலாம். அதுபோக, 650-க்கும் மேற்பட்ட வேட்டை, விளையாட்டுத் துப்பாக்கிகளின் பெயர்களைச் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே அச்சடித்து, இவற்றைத் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தேதியும் அப்படிக் கொடுத்த விலைதான். 1989-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்து ஆரம்பப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் தென்கிழக்கு ஆசிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். 1993-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எட்டுப் பேர். அதே நகரத்தின் முன்னாள் மேயர் டயான் ஃபைன்ஸ்டீன் அப்போது செனட்டர். 1978-இல் நகர மேயரும் நகரமன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுடப்பட்டபோது மில்க்கின் உடலை முதலில் கண்டவர் அவர். தடையைச் செனட்டில் கொண்டுவந்தவரும் அவரே. பிரதிநிதிகள் சபையில் முன்னாள் அதிபர்கள் ஃபோர்டு, கார்ட்டர், ரீகன் மூவரும் சேர்ந்து ஆதரவுக் கடிதம் எழுதியும் முடிவு 216க்கு 214. ஓர் உறுப்பினர் கடைசி நேரத்தில் மனம் மாறியதால் தப்பித்தது. இவ்வளவு நூலிழையில் நிற்கும்போது, "பத்து வருஷம் பார்ப்போம், சரியில்லையென்றால் தானாகப் போய்விடும்" என்கிற வாக்குறுதி தயங்குகிறவர்களைச் சமாதானப்படுத்தும்.

நமக்கும் இந்த வகைச் சட்டம் புதிதல்ல. தடா 1985-இல் இரண்டு ஆண்டுக்கு என்று வந்து, நீட்டித்து நீட்டித்து 1995-இல் தான் காலாவதியானது. அமெரிக்கச் சட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் ஒரு முறைகூட வாய்க்கவில்லை.

காலாவதித் தேதி செய்கிற வேலை இதுதான்: உழைக்க வேண்டியவர் யார் என்பதை மாற்றிவிடுகிறது. சாதாரணச் சட்டத்தை ஒழிக்க, எதிர்ப்பவர் இரண்டு சபைகளிலும் வென்று அதிபரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். 1996-இல் அதை முயன்றும் பார்த்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 239க்கு 173 என்று ரத்து மசோதா நிறைவேறியது; செனட் அதை எடுக்கவே இல்லை, அதோடு நின்றது. ஆனால் தேதி நெருங்கிய பிறகு அந்தப் பாரம் முழுக்க ஆதரிப்பவர் தலையில். எதிர்ப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். 2004-இன் எல்லா வழிகளையும் இந்தத் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வழி, அதாவது கடைசியில் நடந்தது: சாகவிடுவது. இதை வெறும் துப்பாக்கிக் கும்பலின் வாதம் என்று தள்ளிவிட முடியாது. தடைக்கு முன்பே இந்த வகைத் துப்பாக்கிகள் துப்பாக்கிக் குற்றங்களில் 2 முதல் 8 சதவீதம் வரைதான் பயன்பட்டன என்று நீதித்துறை ஆய்வு நிறுவனத்துக்காக கிறிஸ்டோபர் கோப்பர் 2004-இல் எழுதிய அறிக்கை சொன்னது. கொலைகளில் பெரும்பகுதி கைத்துப்பாக்கியால் நடக்கிறது. தடையை நீட்டித்தாலும் பலன் சிறிதாக, ஒருவேளை நம்பகமாக அளக்க முடியாத அளவுக்குச் சிறிதாகத்தான் இருக்கும் என்பதும் அவர் கணிப்பு. எதிர்ப்பாளர்கள் இந்த வரியைத்தான் கையில் பிடித்துக்கொண்டார்கள். அதே அறிக்கை காரணத்தையும் சொன்னது: பழைய துப்பாக்கிகளும் மேகசின்களும் அவ்வளவு குவிந்து கிடந்தன. 1994-இல் மக்கள் கையில் இருந்த இந்த வகைத் துப்பாக்கிகள் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம். பத்து ஆண்டு என்பது அந்தக் குவியல் கரையவே போதாத காலம். இந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

சாகவிடுவதற்குப் பின்னால் அரசியல் பயமும் இருந்தது. 1994 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே சொந்தத் தொகுதியில் தோற்றார். டெக்சாசில் 42 ஆண்டு உறுப்பினராக இருந்த ஜாக் புரூக்ஸும் போனார். அவர் தடையையே விரும்பாதவர், அது இடம்பெற்ற பெரிய மசோதாவிலிருந்து அதை எடுத்துவிடப் பார்த்தவர். இறுதி மசோதாவுக்கு ஆம் சொன்னதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தத் தோல்விக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குழம்பியது, வரி உயர்வு என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அன்றைய அதிபர் கிளிண்டனே துப்பாக்கிச் சட்டத்தைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார். கட்சியும் அதை நம்பியது. 2004-இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி ஓஹயோவில் வாத்து வேட்டைக்குப் போய் கையில் துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொண்டதற்கு அர்த்தம் அதுதான்.

இரண்டாவது வழி: அப்படியே இன்னொரு பத்து ஆண்டு நீட்டிப்பது. பார்வைக்கு இதுதான் எளிது. மக்களுக்குப் பழகிய சட்டம், வேட்டைக்காரர்கள் யாரும் துப்பாக்கியை இழக்கவில்லை, காவல்துறைத் தலைமை அதிகாரிகளின் அமைப்புகளும் கேட்டன. புஷ்ஷுக்கு இது பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் போகிற வழி. கையெழுத்துப் போடுவேன் என்றார். ஆனால் மசோதாவை மேசைக்கு அனுப்புங்கள் என்று தன் கட்சித் தலைவர்களிடம் ஒருமுறைகூட அழுத்திக் கேட்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலே 2003-இலேயே அதற்கு ஓட்டு இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார். வாக்கெடுப்பே நடத்தாமல் ஓட்டு இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எதை எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் வாயில் அந்தக் கேள்வி வராது.

செனட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 மார்ச் 2. துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புத் தரும் மசோதா விவாதத்தில் இருந்தது. தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ. நெடுநாள் காத்திருந்த மசோதா. ஃபைன்ஸ்டீன் அதில் தன் பத்தாண்டு நீட்டிப்பைத் திருத்தமாகச் செருகினார். 52க்கு 47 என்று வென்றது. குடியரசுக் கட்சியினர் சிலரும் ஆதரித்தார்கள். துப்பாக்கிக் கண்காட்சிகளில் பின்னணிச் சோதனை இல்லாமல் விற்பதைத் தடுக்கும் திருத்தமும் வென்றது. என்.ஆர்.ஏ. கணக்குப் போட்டது. தனக்குப் பிடித்த மசோதாவோடு பிடிக்காத இரண்டும் சேர்ந்து வருகின்றன. உடனே எல்லாவற்றையும் தோற்கடியுங்கள் என்று சொல்லி அனுப்பியது. மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் லாரி கிரெய்க், அவரே என்.ஆர்.ஏ. நிர்வாகக் குழுவில் இருந்தவர், தன் மசோதாவை எதிர்த்துத் தானே வாக்களித்தார். முடிவு 90க்கு 8. அடுத்த ஆண்டு வழக்குப் பாதுகாப்பு மசோதா மட்டும் தனியாக வந்து சட்டமானது. நீட்டிப்பு வரவில்லை. தடை காலாவதியான மறுமாதம், அக்டோபரில், என்.ஆர்.ஏ. புஷ்ஷுக்கு ஆதரவு அறிவித்தது.

சரி, நீட்டித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? துப்பாக்கி விஷயத்தில் அதிகமில்லை என்றுதான் நினைக்கிறேன். பத்து ஆண்டில் கம்பெனிகள் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டன. ஈட்டிக் கொக்கியை எடுத்து, ஒளிமறைப்புக் குழாயைக் கழற்றி, அதே ஏ.ஆர்.15 ரைஃபிளை வேறு பெயரில் விற்றார்கள். டெக் டிசி9 என்ற பிஸ்டல் பெயரோடு தடைப்பட்டது. சிறு மாற்றத்தோடு ஏபி10 என்று திரும்பி வந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு 'தடைக்குப் பின்' என்று பொருள். நையாண்டியை மறைக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. 2002-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் ஒளிந்திருந்து பத்துப் பேரைக் கொன்றவர்கள் பயன்படுத்தியது தடை நடப்பில் இருக்கும்போதே கிடைத்த புஷ்மாஸ்டர் ரைஃபிள்.

அதனால்தான் மூன்றாவது வழி: நீட்டிக்கும்போதே ஓட்டைகளை அடைப்பது. கலிபோர்னியா 1999-இல் இதைச் செய்தது. இரண்டு அம்சம் வேண்டும் என்பதை ஒன்று இருந்தாலே தடை என்று மாற்றியது. மத்திய அளவில் இந்தப் பாணியைக் கேட்டவர் நியூயார்க் உறுப்பினர் கரோலின் மெக்கார்த்தி. 1993 டிசம்பரில் லாங் ஐலண்ட் ரயிலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கணவரை இழந்து, மகன் படுகாயமடைந்து, அந்தக் கோபத்திலேயே தேர்தலில் நின்று வென்றவர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டு முகாமிலேயே வயலன்ஸ் பாலிசி சென்டர் போன்ற அமைப்புகள், பழைய சட்டத்தை அப்படியே நீட்டிப்பதில் பெரிய பயனில்லை என்று வெளிப்படையாகச் சொல்லின. எதிராளிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. கொள்கையளவில் மூன்றாவது வழி இரண்டாவதைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 216 ஓட்டில் பிழைத்த மெலிந்த சட்டத்துக்கே சபையில் இடமில்லாதபோது, அதைவிடக் கடுமையானது எந்தக் கதவு வழியாக வந்திருக்கும்?

யாரும் பெரிதாக முன்வைக்காத நான்காவது வழி ஒன்று இருந்தது. துப்பாக்கிப் பட்டியலை விட்டுக்கொடுத்து, மேகசின் வரம்பை மட்டும் பிடித்துக்கொள்வது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மெக்கார்த்தியின் கணவர் இறந்த அந்த ரயில் சம்பவத்தையே பாருங்கள். பயன்பட்டது எந்தப் பட்டியலிலும் இல்லாத சாதாரண ரூகர் பிஸ்டல், 15 தோட்டா மேகசின்களோடு. மேகசின் மாற்றும் இடைவெளியில்தான் பயணிகள் பாய்ந்து சுட்டவனைப் பிடித்தார்கள். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசானில் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டபோதும் ஆயுதம் சாதாரண கிளாக் பிஸ்டல்தான். அதில் மாட்டியிருந்தது 33 தோட்டா மேகசின். அங்கேயும் மேகசின் மாற்றும் நேரத்தில்தான் சுட்டவன் சிக்கினான். அதற்குள் ஆறு பேர் இறந்திருந்தார்கள். பிடியின் வடிவமும் ஈட்டிக் கொக்கியும் ஆளைக் கொல்வதில்லை. நிறுத்தாமல் எத்தனை முறை சுட முடியும் என்பதுதான் கணக்கு. பின்னாளில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோதும், கூட்டக் கொலைகளைக் குறைப்பதில் மேகசின் வரம்புக்குத்தான், அளவோடு என்றாலும், சான்று இருப்பதாகச் சொன்னது.

அப்படியானால் ஏன் யாரும் கேட்கவில்லை? மேகசின் ஒரு தகரப் பெட்டி. அதைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியாது. பயமுறுத்தும் கறுப்புத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தால் தொலைக்காட்சியில் வரும். சட்டத்தில் எது பலவீனமான பகுதியோ அதுதான் மேடையில் எடுபட்டது. எதிர்ப்பவர்களும் அந்தப் பகுதியைத்தான் அடித்தார்கள், இது வெறும் அலங்காரத் தடை என்று. இரண்டு தரப்பும் தோலைப் பற்றியே சண்டை போட்டு, சுளையைச் சேர்த்துத் தூக்கி எறிந்தார்கள். நியாயமாகச் சொன்னால் இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு: பழைய மேகசின்களுக்கு விலக்குத் தொடர்ந்தால் வரம்பு காகிதத்தில்தான் இருக்கும். பழைய தகரப் பெட்டிக்கு வரிசை எண்ணும் கிடையாது, எண் இல்லாத ஒன்று எந்த ஆண்டில் தயாரானது என்று போலீஸ்காரர் சாலையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

மாநிலங்களிடம் விட்டுவிடுவது ஐந்தாவது. 2004 ஜூலையில், மத்தியச் சட்டம் சாவதற்கு இரண்டரை மாதம் முன்பு, மாசசூசெட்ஸ் ஆளுநர் மிட் ராம்னி தன் மாநிலத்தில் தடையை நிரந்தரமாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேதியே கிடையாது. 2012-இல் அதிபர் வேட்பாளராக நின்றபோது புதிய துப்பாக்கிச் சட்டம் எதுவும் வேண்டாம் என்றார், அது தனிக் கதை. இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்கள் 2023-இல் சேர்ந்துகொண்டன. நிரந்தரம் என்பதே இந்த வழியின் பலம். பலவீனம் எல்லைக்கோடு: சிகாகோக்காரர் காரை எடுத்தால் சற்று நேரத்தில் இண்டியானா. போதாக்குறைக்கு 2022-இல் உச்ச நீதிமன்றம் தந்த புரூவன் தீர்ப்புக்குப் பிறகு, துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்க்கிறது. மாநிலத் தடைகள் இதுவரை பெரும்பாலும் தாக்குப்பிடித்திருக்கின்றன. உச்ச நீதிமன்றம் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை.

இவற்றோடு வைத்துப் பார்க்க இன்னும் இரண்டு விஷயங்கள். 1989-இல் அப்பா புஷ் நிர்வாக உத்தரவால் வெளிநாட்டு அசால்ட் ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடுத்தார். அதற்குத் தேதி போடவில்லை. வாக்கெடுப்பு நடந்து, இத்தனை பேர் பதவியை இழந்து வந்த சட்டம் 2004-இல் போய்விட்டது. உத்தரவில் தொடங்கிய இறக்குமதித் தடை நிலைத்துவிட்டது. இன்னொன்று, உலோகம் காட்டும் கருவியில் சிக்காத துப்பாக்கிகளைத் தடுக்கும் 1988 சட்டம். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. 1998, 2003, 2013 என்று ஒவ்வொரு முறையும் நீட்டித்தார்கள், கடைசியாக 2031 வரை. பிளாஸ்டிக் துப்பாக்கி வேண்டும் என்று தெருவில் இறங்க ஆள் இல்லை, விமானத்தில் ஏறப் பயப்படுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். தேதி மட்டும் ஒரு சட்டத்தைக் கொல்லாது. தேதி வரும்போது வாசலில் காத்திருக்க ஒரு எதிரி வேண்டும்.

தேதியையே வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ராணுவத் தளங்களை மூடுவதற்கு 1990-இல் அதே காங்கிரஸ் ஒரு முறை வைத்தது: குழு தரும் பட்டியலை 45 நாளுக்குள் காங்கிரஸ் தீர்மானம் போட்டு நிராகரிக்காவிட்டால் அது தானாக அமலுக்கு வரும். அங்கே சும்மா இருந்தால் சம்மதம் என்று பொருள். துப்பாக்கிச் சட்டத்துக்கும், பத்தாம் ஆண்டில் ஆய்வு, நிராகரித்தால் ஒழிய தொடரும் என்று எழுதியிருந்தால், சாகவிட விரும்பியவர்கள் பெயர் தெரிய எழுந்து நின்று வாக்களித்திருக்க வேண்டும். டிலேயும் புஷ்ஷும் அதற்குத் தயாராக இருந்திருப்பார்களா என்பது வேறு. ஆனால் 1994-இல் இப்படி எழுதியிருந்தால் அந்த 216-இல் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்று திரும்பக் கொண்டுவருவது 2004-இல் நீட்டிப்பதைவிடப் பல மடங்கு கடினம். அன்று 15 லட்சமாக இருந்தது, துப்பாக்கித் தொழில் அமைப்பின் சொந்தக் கணக்கிலேயே இப்போது இரண்டு கோடிக்கு மேல். பழையவற்றுக்கு விலக்கு என்றால் சட்டம் எதையும் தொடாது. விலக்கு இல்லை என்றால் இரண்டு கோடித் துப்பாக்கியை யார் வீடு வீடாகப் போய்க் கேட்பது? 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்று ஒரு தடை மசோதாவை நிறைவேற்றியது. கிட்டத்தட்ட 1994-இன் அதே இடைவெளி. செனட் எடுக்கவில்லை.

அதற்கு முன் 2013 ஏப்ரலில், நியூடவுன் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட நான்காம் மாதம், ஃபைன்ஸ்டீன் மறுபடி முயன்றார். பட்ட பாடம் மறக்கவில்லை: இந்த முறை ஒரே அம்சம் போதும் என்று எழுதினார், காலாவதித் தேதியும் போடவில்லை. செனட்டில் 40 பேர் ஆதரித்தார்கள், 60 பேர் எதிர்த்தார்கள்.